இரும்பைப் பிடித்த உப்பு

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வல்லம் பக்கம் போனால், பெரிய கம்பெனிகளின் மதில்கள் முடிகிற இடத்தில் தகரக் கொட்டகைகள் தொடங்கும். அதில் ஒன்று என் சித்தப்பா பையனுடையது. வாசலில் ‘செவன் டேங்க் பிராசஸ்’ என்று பலகை. வெண்டர்கள் அனுப்பும் பிராக்கெட், கிளாம்ப், தகடுகளை ஏழு தொட்டிகளில் வரிசையாக முக்கி எடுக்கும் வேலை. எண்ணெய் எடுக்க ஒன்று, துரு எடுக்க ஒன்று, கழுவ, மறுபடி கழுவ, கடைசியை ஒட்டிப் பாஸ்பேட் தொட்டி. பளபளவென்று உள்ளே போகிற தகடு சாம்பல் பூத்து வெளியே வரும். அதன்மேல்தான் பவுடர் கோட்டிங்.

“பாஸ்பேட் பிடிச்சிருச்சுன்னா பெயின்ட் உரியாதுண்ணே. பிடிக்கலைன்னா ஆறு மாசத்துல துரு. லாட்டையே ரிஜெக்ட் பண்ணித் திருப்பிடுவாங்க” என்பான் தம்பி.

அவன் மனைவி பக்கத்து ஊர்ப் பள்ளியில் சத்துணவுச் சமையலர். போன முறை நான் போயிருந்தபோது ஒரு காலி உப்புப் பாக்கெட்டை எடுத்துவந்து நீட்டினாள். இரும்புச்சத்தும் அயோடினும் சேர்த்த உப்பு. பின்பக்கத்துப் பொடி எழுத்தில் 452 என்று ஓர் எண்.

“மாமா, இந்த நம்பர் என்னன்னு எங்க பெரியவன் போன்ல தேடிப் பார்த்தான். சோடியம் ஹெக்சா ஏதோ பாஸ்பேட்டாம். இவரு தொட்டியில ஊத்துறதும் பிள்ளைங்க சாம்பார்ல நான் போடுறதும் ஒண்ணா?”

தம்பி சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று ஏதோ அரைகுறையாகச் சொல்லி வைத்தேன். முழுப் பதில் ஒரு பிறப்புக் கதை, அதைச் சொல்ல இவ்வளவு இடம் வேண்டியிருக்கிறது.

பாஸ்பரஸ் பிறந்த இடம் அவ்வளவு கௌரவமானதல்ல. 1669இல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட், தங்கம் செய்கிற ஆசையில் வாளி வாளியாகச் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்தார். தங்கம் வரவில்லை, இருட்டில் ஒளிரும் ஒரு பொருள் வந்தது. நூறு வருடம் கழித்து, அதே பொருள் எலும்பிலும் இருக்கிறது என்று ஸ்வீடனில் கான், ஷீல என்ற இருவர் கண்டார்கள். அதன்பின் எலும்புதான் பாஸ்பேட்டின் சுரங்கம். 1856இல் அமெரிக்கப் பேராசிரியர் எபன் ஹார்ஸ்ஃபோர்டு எலும்பிலிருந்து ஒரு கால்சியம் பாஸ்பேட்டைப் பிரித்தெடுத்துக் காப்புரிமை வாங்கினார். சமையல் சோடாவோடு அதைச் சேர்த்தால் மாவு உப்பும். இன்றைய பேக்கிங் பவுடரின் மூதாதை அது. பிஸ்கட் பாக்கெட்டில் 341 என்ற எண்ணைப் பார்த்தால் அந்தக் குடும்பம் என்று தெரிந்துகொள்ளலாம். இப்போது எலும்பில்லை, பாறையிலிருந்து எடுக்கிறார்கள்.

தம்பியின் தொட்டிக்கும் ஒரு பாட்டன் உண்டு. பர்மிங்காமில் தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் என்பவர் 1906இல் வாங்கிய காப்புரிமை. சூடான பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் இரும்பை முக்கினால், இரும்பின் மேல்தோலே பாஸ்பேட்டாக மாறி உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. அது பூச்சு அல்ல. பூசியது உரியும், இது இரும்பிலிருந்தே முளைத்தது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் முதல் சான்ட்ரோ வெளியே வந்ததிலிருந்து இந்தச் சாலையில் எத்தனை கார், எத்தனை லாரி, எத்தனை புல்லட் போயிருக்கும்! பெயின்ட் ஷாப்பில் நிறம் ஏறும் முன், பி.டி. (ப்ரீ-ட்ரீட்மென்ட்) லைனில் இரும்பைத் தயார்செய்யும் வேலை இந்தப் படலத்தை நம்பித்தான் வளர்ந்தது. வாங்குகிறவர் பார்ப்பது நிறத்தை. அதற்கு அடியில் சில மைக்ரான் கனத்தில் இருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

இரும்பைப் பாஸ்பேட் கெட்டியாகப் பிடிக்கும். இந்த ஒரு குணத்தை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை தானாக நடக்கும்.

சாம்பாரில் விழுகிற 452க்கு வம்சாவளி வேறு. 1833இல் தாமஸ் கிரஹாம் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர் பாஸ்பேட்டுகளை வகைபிரித்து எழுதினார். ஒருவகைச் சோடியம் பாஸ்பேட்டை உருக்கிச் சட்டென்று ஆற்றினால் அது படிகமாகாமல் கண்ணாடியாக உறையும். ‘கிரஹாம் உப்பு’ என்று அதற்கு இன்றும் பெயர். கடையில் வழங்கும் பெயர் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட். ஹெக்சா என்றால் ஆறு. உள்ளே பார்த்தால் ஆறும் இல்லை ஒன்றும் இல்லை, சின்னதும் பெரியதுமாக நீண்ட பாஸ்பேட் சங்கிலிகள். தப்பாக வைத்த பெயர் நிலைத்துவிட்டது. நம் ஊரில் எத்தனை தெருவுக்கு அப்படி இல்லை?

அந்தக் கண்ணாடிக்கு ஒரு நூற்றாண்டு பெரிய வேலை எதுவும் கிடைக்கவில்லை. பிறகு பிட்ஸ்பர்க்கில் ரால்ஃப் ஹால் என்பவர் கொதிகலன் தண்ணீரில் அதைப் போட்டுப் பார்த்தார். உப்புத்தண்ணீரின் கால்சியத்தைச் சங்கிலி சுற்றி வளைத்துப் பிடித்துக்கொண்டது, பாய்லர் சுவரில் படிய விடவில்லை. கால்சியம் போச்சு என்ற பொருளில் கால்கான் என்று பெயர்வைத்து 1930களில் விற்றார்கள். கால்சியத்தைப் பிடிக்கிற கை இரும்பையும் பிடிக்கும்.

இந்தக் கை சாப்பாட்டு உப்புக்குள் எப்படி வந்தது என்று பார்க்க, இனி குன்னூருக்கு வரவேண்டும்.

1918இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒற்றை அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அதற்கு முன் கில்கிட் பள்ளத்தாக்கில் கழுத்துக் கழலையை ஆராய்ந்தவர், அங்கே தன் உடம்பிலேயே சோதனை செய்து பார்த்த மனிதர். அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து 1958இல் ஹைதராபாத் போய், 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் அதன் தலைவராக இருந்த காலமும் அதுதான். அந்த நிறுவனத்துக்கு நீலகிரி பிறந்த வீடு என்பதை ஹைதராபாத்காரர்கள் மறந்தாலும் நாம் மறக்க வேண்டியதில்லை.

கழலைக்கு வழி கண்டது வேறொரு குழு. 1956இல் இமயமலையடிக் காங்க்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமியும் கூட்டாளிகளும் ஊர்களை மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிக்கு அயோடின் சேர்த்த உப்பு, நடுவில் ஒரு பகுதிக்கு வெறும் உப்பு. சில வருடங்களில் வித்தியாசம் கழுத்திலேயே தெரிந்தது. 1962இல் தேசிய கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. ஏழையும் வாங்குவான், பணக்காரனும் வாங்குவான், யாரும் ஒருநாளைக்கு அரைக்கிலோ தின்ன மாட்டான் என்பதால் மருந்தை ஏற்றிவிட உப்பைவிட நல்ல வண்டி கிடையாது என்று எல்லாருக்கும் புரிந்தது.

அந்த வண்டியில் இரும்பையும் ஏற்றினால் என்ன? இரத்தசோகை நாட்டைத் தின்றுகொண்டிருந்தது. இன்றும் தின்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. சுங்குவார்சத்திரம் பக்கம் அதிகாலை ஷிஃப்டுக்குப் பஸ் ஏறும் போன் கம்பெனிப் பெண்கள் எல்லாம் அந்த வயதுதான்.

ஆனால் இரும்பு சாதுவான சரக்கு அல்ல. நன்றாகச் சீரணமாகிற இரும்பு உப்பில் கலந்தால் ஈரக் காற்றுப் பட்டதும் பழுப்பேறும், வாய்க்கு ஆணி சப்பியதுபோல் இருக்கும். நிறமும் ருசியும் கெடாத இரும்பு இருக்கிறது, அது வயிற்றில் சேராது. 1970களில் ஹைதராபாத்தில் பி.எஸ். நரசிங்க ராவும் சகாக்களும் எடுத்த முதல் ஆயுதம் பெர்ரிக் ஆர்த்தோபாஸ்பேட். பாஸ்பேட் இரும்பைக் கெட்டியாகப் பிடித்திருப்பதால் உப்பு வெள்ளையாகவே இருந்தது. அதே காரணத்தால் உடம்பும் அந்த இரும்பை அவிழ்த்து எடுக்கத் திணறியது. சோடியம் ஆசிட் சல்பேட் என்ற இன்னொன்றைக் கூடச் சேர்த்தபோது கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. ஒரு கிராம் உப்புக்கு ஒரு மில்லிகிராம் இரும்பு என்பது கணக்கு. மூன்று கிராமப் பகுதியிலும் ஒரு நகரப் பகுதியிலும் இரும்பு உப்பைக் கொடுத்துப் பார்த்த முடிவு 1982இல் வெளிவந்தது, சோகை குறைந்திருந்தது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் நகர முடியவில்லை. நம் சாப்பாட்டில் இரும்பு இல்லாமலா இருக்கிறது? கீரையில், கேழ்வரகில், பருப்பில் எல்லாம் இருக்கிறது. ஆனால் தானியத்தின் தவிட்டிலும் பருப்பிலும் பைட்டேட் என்று ஒன்று உண்டு. ஆறு பாஸ்பேட் கைகள் கொண்ட பொருள்; இதில் உண்மையாகவே ஆறு. விதை முளைக்கும்போது தேவைப்படும் பாஸ்பரஸைச் செடி அப்படிச் சேமித்துவைக்கிறது. அந்த ஆறு கையும் குடலில் இரும்பை இறுக்கிப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடுகிறது. நம் பெண்களின் சோகைக்கு ஒரு காரணமே இயற்கை கொடுத்த பாஸ்பேட். ‘எண் போட்டதெல்லாம் விஷம், இயற்கையானதெல்லாம் அமிர்தம்’ என்று கைபேசியில் சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். ஊறவைத்து, முளைகட்டி, புளிக்கவைத்துச் சாப்பிட்ட பாட்டிமார் பைட்டேட்டின் பெயர் தெரியாமலே அதன் கையை வெட்டினார்கள்.

உப்பு விஞ்ஞானிகளுக்கு வேண்டியதும் பிடி தெரிந்த ஒரு பாஸ்பேட்தான். பாக்கெட்டில் இருக்கும்வரை இரும்பை விடக்கூடாது, வயிற்றுக்குள் போனதும் விட்டுவிட வேண்டும்.

அடுத்த சிக்கல் இதைவிடப் பெரியது. கழலைக்கு அயோடின் உப்பு, சோகைக்கு இரும்பு உப்பு என்று ஒரு வீட்டுக்கு இரண்டு பாக்கெட் கொடுக்க முடியுமா? இரண்டையும் ஒரே உப்பில் போட்டாக வேண்டும். போட்டால், ஓர் உறையில் இரண்டு கத்தி. உப்பில் அயோடின் இருப்பது அயோடேட் என்ற வடிவில். இரும்பு அதன்மேல் பாய்ந்து ஆக்சிஜனைப் பிடுங்கும். அயோடின் தனியாகி ஆவியாய்ப் பறந்துபோகும், இரும்பு துருவாகும். உப்பில் மெக்னீசியமும் ஈரமும் மிச்சமிருந்தால் சண்டை இன்னும் மும்முரம். பாத்தியிலிருந்து வாரியெடுத்த கல்லுப்பில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

இந்த இடத்தில்தான் கிரஹாமின் கண்ணாடி உள்ளே வருகிறது. இரும்பு சல்பேட்டைக் கலக்கும்போது சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட்டையும் சேர்த்தார்கள். பாய்லரில் கால்சியத்தைச் சுற்றிவளைத்த அதே சங்கிலி, இங்கே இரும்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. அயோடேட்டின் பக்கம் இரும்பின் கை நீளவில்லை. உப்பு நிறம் மாறுவது மட்டுப்பட்டது. வயிற்று அமிலத்திலும் குடல் நொதிகளிலும் சங்கிலி துண்டுதுண்டாகி இரும்பு வெளியே வந்தது. தடுக்கவும் தெரிந்து விடவும் தெரிந்த பாஸ்பேட் அகப்பட்டுவிட்டது. புதிய கலவை பற்றி நரசிங்க ராவ் எழுதிய கட்டுரை 1994இல் வந்தது. இரட்டைச் செறிவூட்டிய உப்பு பிறந்த கதை இவ்வளவுதான்: ஒரு ரசவாதியின் சிறுநீர்ப் பானை, ஒரு பாய்லர், குன்னூரில் ஓர் அறை.

வேறொரு தரப்பும் உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த, தமிழ்நாட்டு உப்பு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை வெங்கடேஷ் மன்னார், கனடாவில் டொரான்டோ பல்கலைக்கழகத்து லெவன்டே டியோசடியோடு சேர்ந்து வேறு வழி கண்டார். இரும்பைக் குருணையாக்கி மேலே கொழுப்புச் சட்டை போட்டுவிடுவது. ஹைதராபாத்தில் சங்கிலி, டொரான்டோவில் சட்டை. எது மேல் என்று இரு தரப்பும் பேசித் தீரவில்லை.

தமிழ்நாட்டில் இதைக் கையில் எடுத்தது 1974இல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனம். இராமநாதபுரம் மாவட்டத்து மாரியூர் வாலிநோக்கத்தில் அதன் உப்பளம். அங்கிருந்து இந்த உப்பு 2000களில் சத்துணவுக் கூடங்களுக்குப் போகத் தொடங்கியது. 2014 ஜூனில் ‘அம்மா உப்பு’ என்ற பெயரில் கடைக்கும் வந்தது, இரட்டைச் செறிவூட்டியது கிலோ 14 ரூபாய். காமராஜர் காலத்து மதிய உணவில் போட்ட உப்புக்கும், எம்.ஜி.ஆர். 1982இல் விரித்த சத்துணவில் போட்ட உப்புக்கும் இல்லாத வேலை இப்போதைய உப்புக்கு இருக்கிறது.

வேலையைச் செய்கிறதா என்று கேட்டால், செய்கிறது, ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. டார்ஜிலிங் தேயிலை பறிக்கும் பெண்களிடம் இரட்டை உப்பைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் உடம்பில் இரும்பு நிலை மேம்பட்டது. அவர்களுக்குக் கொடுத்தது சட்டை போட்ட வகை. பீகாரில் 400 கிராமங்களில் நடத்திய ஆய்வில், பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூப்லோ குழு உப்பை மலிவு விலையில் கடைக்கு அனுப்பிப் பார்த்தது. பொதுவாகச் சோகையில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை என்றார்கள். காரணத்தை ஊகிக்கத்தான் முடியும். கொடுத்துச் சாப்பிடவைப்பது வேறு, கடையில் அடுக்கிவைப்பது வேறு. என் கணக்கில், சத்துணவுக் கூடம் டார்ஜிலிங் பக்கம்; அங்கே உப்பைத் தேர்ந்தெடுப்பது குழந்தை அல்ல. ஒரு வேளைச் சாப்பாட்டின் உப்பு மட்டும் சோகையைத் துடைத்துவிடும் என்று நம்புவதும் பேராசை.

இன்னொரு முரண்பாடும் உண்டு. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் உப்பை நிறுத்துங்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பில் இரும்பேற்றியவர்களோ பத்துக் கிராம் தின்பான் என்று கணக்குப் போட்டவர்கள். டாக்டர் பேச்சைக் கேட்கிற வீட்டில் வண்டி பாதிச் சரக்கோடுதான் போகும்.

சரி, அவள் கேட்டதற்கு வருகிறேன். இரண்டும் ஒன்றா?

குடும்பம் ஒன்று. தம்பியின் தொட்டியில் பாஸ்பாரிக் அமிலத்தோடு துத்தநாகம், சில இடங்களில் நிக்கல், மாங்கனீசு எல்லாம் கலந்திருக்கும். அதை நாக்கில் வைக்கக்கூடாது, அந்தக் கழிவுநீரைக் குட்டையில் விடவும் கூடாது. பாஸ்பேட் பாறையில் ஆர்சனிக், ஃபுளோரைடு, ஈயம் கலந்திருக்கலாம். உணவுக்கென்று வரும் பாஸ்பேட்டில் அவற்றைச் சட்டம் சொன்ன அளவுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். வித்தியாசம் அந்தச் சுத்தத்தில் இருக்கிறது. ஒரே பருத்தியில் கட்டுத்துணியும் வருகிறது, எண்ணெய் துடைக்கும் வேஸ்ட்டும் வருகிறது.

அளவைப் பார்ப்போம். கிலோ உப்பில் பத்துக் கிராம் 452 இருக்கிறது, ஒரு நாளைக்குப் பத்துக் கிராம் உப்பு சாப்பிடுகிறோம் என்றே தாராளமாக வைத்துக்கொள்வோம். உடம்புக்குள் போகும் பாஸ்பரஸ் சுமார் 30 மில்லிகிராம். எல்லாப் பாஸ்பேட்டும் சேர்த்து, உடல் எடையில் கிலோவுக்கு 70 மில்லிகிராம் பாஸ்பரஸ் வரை போகலாம் என்று 1982இல் உலக நிபுணர் குழு சொன்னது. 2019இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதை 40 என்று இறுக்கியது. 60 கிலோ ஆளுக்கு இறுக்கிய கணக்கிலும் 2,400 மில்லிகிராம். உப்பின் 30 அதில் தூசி. பிள்ளைகளின் சாம்பாரைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை என்று அவளிடம் தைரியமாகச் சொல்லலாம்.

கவலைப்பட வேண்டியவர் வேறு ஒருவர். இந்தச் சாலையின் கேன்டீன் மெஷின் டீயில் பால் திரியாமலிருக்கப் போடும் 340, கோலாவில் புளிப்புக்கு 338, சீஸ் ஸ்லைஸில் ஒன்று, உறைந்த இறாலில் தண்ணீர் வடியாமலிருக்க ஒன்று, பிஸ்கட்டில் ஒன்று. தனித்தனியே எல்லாம் தூசி. ஒரே ஆள் ஒரே நாளில் எல்லாவற்றையும் சாப்பிட்டால் தூசி சேர்ந்து குப்பையாகும். பருப்பிலுள்ள பாஸ்பரஸில் பாதி அளவுதான் உடம்பில் ஏறும், சேர்மானமாகப் போட்டதில் பெரும்பகுதி ஏறிவிடும். நல்ல சிறுநீரகம் மிச்சத்தை வெளியே தள்ளும். டயாலிசிஸில் இருப்பவருக்கு அது இயலாது. இரத்தத்தில் பாஸ்பரஸ் ஏறினால் எலும்பு நைந்து, இரத்தக்குழாயில் கால்சியம் படியும். அவருக்குப் பருப்பை அளந்து போடச் சொல்லும் உணவு நிபுணரால் பாக்கெட்டை அளந்து போடச் சொல்ல முடியாது.

ஏனென்றால் சட்டம் அவ்வளவு தூரம் வரவில்லை. 2006இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்து, ஆணையம் அமைந்து, எந்த உணவில் எந்தப் பாஸ்பேட் எவ்வளவு போடலாம் என்று விதிகள் இருக்கின்றன. தயாரிப்பாளர் சேர்மானத்தின் வகையையும் அதன் பெயரையோ எண்ணையோ அச்சிட வேண்டும். சோடியம் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று எழுதுகிறார்கள். பாஸ்பரஸ் எவ்வளவு என்று எழுதும் கட்டாயம் இல்லை.

போன வாரம் தம்பி மனைவிக்குப் போன் செய்து இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். “அப்ப உப்புல பயமில்ல” என்று நிம்மதியானாள். பிறகு, “எங்க அப்பாவுக்கு வாரம் ரெண்டு தடவ டயாலிசிஸ் நடக்குதே மாமா, அவரு சாயங்காலம் டீயோட தொட்டுக்கிற பிஸ்கட்டுல எவ்வளவு இருக்கு?” என்று கேட்டாள். பாக்கெட்டை எடுத்துப் படிக்கச் சொன்னேன். 341 என்று இருக்கிறதாம். அளவு போடவில்லை.